தூங்காத வைத்தியர்களும் தூங்குகின்ற சட்டமும்

நமது நாட்டில் ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அந்தத் தெருவே கூடி மகிழ்ச்சி கொண்டாடுகின்றது. நிலத்தை விற்றவரும் நகையை அடகு வைத்தவரும் அன்று ஒரு நாள் தம் கஷ்டத்தை மறந்துவிடுகின்றார்கள். இதை நாம் குறை சொல்ல வரவில்லை. எழுத்து வாசனையே கூடாதென்று தலைமுறை தலைமுறையாய் விலக்கி வைக்கப்பட்டிருந்த வகுப்புகளிலிருந்து இன்று டாக்டர்கள் வருகின்றார்கள் என்றால் அது பெருமைப்பட வேண்டிய காரியமேயாகும். ஆனால் கல்லூரிக்குள் போன பிள்ளை அங்கே எத்தனை மணி நேரம் தூங்குகின்றது, எந்த வேளைக்குச் சாப்பிடுகின்றது, அதன் மனம் என்ன பாடுபடுகின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது விசாரித்திருக்கின்றோம் என்று கேட்கின்றோம்.

விசாரித்தவர்களுக்குக் கிடைத்த கணக்கு இது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கப்பட்ட கேள்விக்கு தேசிய மருத்துவக் கமிஷன் கொடுத்த பதிலின் மூலம், ஐந்து வருஷ காலத்தில் 122 வைத்திய மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டு மாண்டார்கள் என்று தெரிய வந்தது. இவர்களில் 64 பேர் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள், 58 பேர் அதற்கு மேற்படிப்புப் படித்தவர்கள். அதே கணக்கில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவர்கள் 1,270 பேர். அவர்களில் 1,117 பேர் மேற்படிப்பு மாணவர்கள். அதாவது எம்.பி.பி.எஸ். பரீட்சையெல்லாம் தேறி, டாக்டர் என்ற பட்டமும் பெற்று, அதற்குப் பிறகும் போட்டிப் பரீட்சை எழுதி இடம் வாங்கினவர்கள்! இவர்களையா சோம்பேறிகள் என்றும், படிக்க முடியாத மக்குகள் என்றும் சொல்லுவது?

பிறகு 2024-ம் வருஷம் அந்தக் கமிஷனே ஒரு பணிக்குழுவை ஏற்படுத்தி விசாரித்தது. அந்த விசாரணையில் கலந்துகொண்ட எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 100-க்கு 16 பேருக்கும், மேற்படிப்பு மாணவர்களில் 100-க்கு 31 பேருக்கும் உயிரை விட்டுவிடலாமா என்கின்ற எண்ணம் வந்திருப்பதாக அவர்களே சொன்னார்கள். பிறர் உயிரைக் காப்பாற்ற மேற்படிப்புப் படிக்கின்றவர்களில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டத்தட்ட தம் உயிர் வேண்டாமென்று நினைக்கும்படியான ஒரு படிப்பு நடக்கின்றதென்றால், அந்தப் படிப்பை நடத்துகின்ற முறையில் கோளாறு இருக்கின்றதா, அல்லது படிக்கின்றவர்களின் தலையெழுத்தில் கோளாறு இருக்கின்றதா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த நிலைமைக்கு மேல்நாட்டார் ‘பர்ன் அவுட்’ என்று ஒரு பேர் வைத்திருக்கின்றார்கள். எண்ணெய் தீர்ந்த பிறகும் எரியும்படி விட்ட விளக்கில் திரியே கருகிப் போவதுபோல மனிதன் கருகிப் போவது என்று நாம் அதற்கு அர்த்தம் சொல்லலாம். 1974-ல் பிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர், நியூயார்க்கில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்த இடத்தில் உழைத்தவர்களைப் பார்த்துவிட்டு இந்தப் பேரைப் பிரபலப்படுத்தினார். 1981-ல் மாஸ்லாக் என்ற அம்மையார் இதை அளக்க ஒரு முறை ஏற்படுத்தினார். அதன்படி இதற்கு மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் வற்றிப் போவது; எதிரிலிருப்பவனை மனிதனென்று எண்ணாமல் ஒரு சாமானாக எண்ணத் தொடங்குவது; நாம் எதற்கும் உதவமாட்டோம் என்று தன்னையே இகழ்ந்துகொள்வது. 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இதை ஒரு நோயென்று சொல்லாமல், வேலை செய்யுமிடத்தில் தீராமல் நீடிக்கின்ற நெருக்கடியினால் வருகின்ற விளைவு என்று எழுதி வைத்தது. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். உலக வைத்தியர்கள் குற்றத்தை வேலை செய்யுமிடத்தின் மேல் வைத்திருக்கின்றார்கள். நம் நாட்டில் மாத்திரம் அது வேலை செய்கின்றவன் தலையில் வைக்கப்படுகின்றது.

இனி, அந்த வேலை எப்படிப்பட்டதென்று பார்ப்போம். பெரியாஸ்பத்திரியில் மேற்படிப்பு முதல் வருஷம் படிக்கின்ற ஒருவர் காலை 8 மணிக்கு ட்யூட்டிக்கு வருகின்றார். பகல் முழுதும் வார்டு. இரவு முழுதும் அவசர கேஸ்கள். மறுநாள் காலை 8 மணிக்கு 24 மணி நேரம் ஆகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்றால், அதுதான் இல்லை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அவருக்கு ஒவ்வொரு நோயாளியின் கதையையும் ஒப்பிக்க வேண்டும். பிறகு ஓ.பி.; பிறகு கேஸ் ஷீட் எழுதுவது. ஆக அவர் படுக்கப் போகும்போது 36 மணி நேரம் ஆகிவிடுகின்றது. இதற்கிடையில் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டு ஓடுவது, ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது ஆகிய காரியங்களும் பல இடங்களில் அவர் தலையிலேயே விழுகின்றன. இவற்றுக்கும் வைத்தியப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? வேறு ஆளை நியமித்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். மாணவன் என்று பேர் வைத்துவிட்டால் ஸ்டைபண்டோடு போகும் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

இது டாக்டர்களின் வீட்டுக் கஷ்டம்தானே, நமக்கென்ன என்று எந்த விவசாயியும் எந்தக் கூலிக்காரரும் எண்ணிவிடக் கூடாது. பணக்காரனுக்குப் பெரிய டாக்டர் பகல் 11 மணிக்கு வந்து நாடி பார்க்கின்றார். நடு இரவு 3 மணிக்குப் பிரசவ வேதனையோடு வருகின்ற கிராமத்துப் பெண்ணுக்கும், பாம்பு கடித்து வருகின்ற உழவனுக்கும், லாரி மோதி வருகின்றவனுக்கும் முதலில் கை வைக்கின்றவர் இந்தத் தூங்காத சின்ன டாக்டர்தான். ஆகவே அவருடைய தூக்கம் அவருடைய சொந்தச் சொத்தல்ல. நம்முடைய உயிருக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கின்ற சொத்தாகும்.

தூக்கமில்லாத மனிதனின் மூளை எப்படி வேலை செய்கின்றதென்று விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கின்றார்கள். 1997-ல் டாசன், ரீட் என்ற இருவர் செய்த பரிசோதனையில், 17 மணி நேரம் விழித்திருந்தவனின் கைத்திறமை, ரத்தத்தில் 100-க்கு 0.05 பங்கு சாராயம் கலந்தவனின் திறமைக்குச் சமமாகக் குறைந்துவிட்டது. 24 மணி நேரம் விழித்திருந்தவன் 0.10 பங்கு குடித்தவனுக்குச் சமமானான். நமது நாட்டு மோட்டார் சட்டப்படி ஒருவன் ரத்தத்தில் 0.03 பங்குக்கு மேல் சாராயம் இருந்தால் அவன் வண்டி ஓட்டுவது குற்றம். அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. குடித்துவிட்டு ஒருவன் ஆட்டோ ஓட்டினால் போலீஸ்காரர் வாயை ஊதச் சொல்லுகின்றார். குடித்தவனுக்குச் சமமாக ஒருவரை ஆக்கி அவர் கையில் கத்தியையும் ஊசியையும் கொடுத்து ஆப்பரேஷன் அறைக்குள் அனுப்பினால் அதற்குச் ‘சேவை’ என்று பேர்! இதைவிடப் பெரிய பித்தலாட்டம் வேறு உண்டா?

இது வெறும் உவமானமல்ல. 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கவலைக்கிடமான நோயாளிகள் வார்டில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பழைய முறைப்படி 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த பயிற்சி டாக்டர்கள், நேரம் குறைத்துக் கொடுக்கப்பட்ட பயிற்சி டாக்டர்களைவிட 100-க்கு 36 பங்கு அதிகமாகப் பெரிய தவறுகள் செய்தார்கள். 2005-ல் வந்த மற்றொரு ஆராய்ச்சி, நீண்ட ட்யூட்டி முடித்து வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகின்ற பயிற்சி டாக்டர் மோதி விழக்கூடிய அபாயம் மற்ற நாட்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டிற்று. அவர்கள் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள், நல்லெண்ணமுள்ளவர்கள். ஆனாலும் என்ன? மூளை என்பது மாமிசத்தால் ஆனதே தவிர மந்திரத்தால் ஆனதல்ல.

இவ்வளவு பிரத்தியட்சமான விஷயத்துக்கும் மறுப்புச் சொல்லுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வாதம், “நாங்களும் அப்படித்தான் படித்தோம்” என்பது. பெரிய டாக்டர்கள் இதைப் பெருமையாகச் சொல்லுகின்றார்கள். நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. மொட்டையடிக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட பாட்டி, “நானும் அப்படித்தான் இருந்தேன்” என்று பேத்திக்குச் சொன்ன குரலே இது. நாம் பட்டோம், ஆகையால் நீயும் படு என்பது நியாயமானால் உலகத்தில் எந்தக் கொடுமையும் ஒழிந்திருக்க முடியாது. மேலும் இந்தப் பழக்கம் ஆதியில் எங்கிருந்து வந்ததென்று பார்த்தால் சிரிப்பு வரும். பயிற்சி டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து இரவு பகலாய் உழைக்க வேண்டும் என்கின்ற முறையை ஸ்திரப்படுத்தினவர், 1889-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் ரண வைத்திய நிபுணர் ஹால்ஸ்டெட் ஆவார். அவர் மகா கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1884-ல் மரத்துப் போகச் செய்யும் மருந்தாகக் கொக்கேயினைத் தன் உடம்பிலேயே பரிசோதித்து, அதற்கு அடிமையாகி, அதை விடுவதற்காக மார்பியாவுக்கும் அடிமையாகி அவதிப்பட்டவரும் அவரே. அவர்மேல் நமக்குப் பரிதாபமே தவிரக் கோபமில்லை. ஆனால் அவர் ஏற்படுத்திய வழக்கத்தை வேத வாக்காக எண்ணி இன்றும் கட்டி அழுவதற்கு என்ன அவசியம்? உயிர் காக்கும் மருந்துகளெல்லாம் மாறிவிட்டன, கருவிகளெல்லாம் மாறிவிட்டன, ஆளைத் தூங்கவிடாத முறை ஒன்றுதானா மாறக் கூடாத சனாதனம்?

இரண்டாவது வாதம், “வைத்தியம் தெய்வீகத் தொழில்; தியாகம் வேண்டும்” என்பது. வைத்தியனை நாராயணன் என்று சொல்லுகின்ற நாடு இது. ஒருவனைக் கடவுளாக்கிவிட்டால் அவனுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். பெண்ணைத் தெய்வமென்று சொல்லிச் சொத்தில்லாமல் செய்ததும், உழவனைக் கடவுளென்று சொல்லிக் கோவணத்தோடு நிறுத்தியதும் இதே தந்திரந்தான். நோயாளி பிழைக்காவிட்டால் அந்த நாராயணனையே ஜனங்கள் அடிக்க வருகின்றார்கள் என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றோம். டாக்டர் கடவுளல்ல, மனிதன் என்று ஒப்புக்கொண்டால்தான் அவனுக்கும் க்ஷேமம், நமக்கும் க்ஷேமம்.

மூன்றாவது வாதம், “இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை முறை கெட்டுவிட்டது, கண்ட நேரத்தில் தின்கின்றார்கள், தேகப் பயிற்சி செய்வதில்லை, எந்நேரமும் செல்போன் பார்க்கின்றார்கள், சிகரெட்டும் காப்பியுமாய் இருக்கின்றார்கள், மனம் ஏன் கெடாது?” என்பது. இதில் உண்மை இல்லாமலில்லை. நேரத்துக்குச் சாப்பாடும், நடையும், தூக்கமும், நாலு சிநேகிதர்களும் உள்ளவன் எளிதில் சோர்ந்து போகமாட்டான் என்பது சரியே. ஆனால் எது முன், எது பின் என்று பார்க்க வேண்டாமா? இரவு 2 மணிக்கு ஹோட்டல் புரோட்டா தின்கின்றவன், இரவு 8 மணிக்குச் சாப்பிட விடப்படாதவன். காப்பி குடிக்கின்றவன், கண் மூட விடப்படாதவன். மைதானத்துக்குப் போகாதவன், மாலையில் சூரியனையே பார்க்காதவன். வாரத்தில் 90, 100 மணி நேரம் ஒருவனை அடைத்து வைத்துவிட்டு மீதி நேரத்தில் ஒழுங்காக வாழவில்லையே என்று கேட்பது, காலைக் கட்டிப் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பதேயாகும்.

நான்காவது வாதம் கொஞ்சம் கனமானது. “நேரத்தைக் குறைத்தால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது, நோயாளிக்குத்தான் நஷ்டம். அமெரிக்காவிலேயே ட்யூட்டி கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்தபோது நோயாளிகளின் சாவு அதிகமாகவில்லை” என்கின்றார்கள். அப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் 2016-லும் 2019-லும் வந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லுகின்றவர்கள் அதன் மற்ற பாதியைச் சொல்லுவதில்லை. அந்த ஆராய்ச்சிகளில் தளர்த்தப்பட்டது ஒரு ட்யூட்டியின் நீளமே தவிர, வாரத்துக்கு 80 மணிக்கு மேற்படக் கூடாதென்ற கட்டுப்பாடு இரு தரப்புக்கும் அப்படியே இருந்தது. கட்டுப்பாடே இல்லாத நாட்டில் இருந்துகொண்டு, கட்டுப்பாட்டுக்குள் நடந்த சோதனையைச் சாட்சிக்கு இழுப்பது யோக்கியமாகாது. ஆள் மாறும்போது விஷயம் தவறிப் போகாமலிருக்க எழுதி ஒப்படைக்கப் பழக்கலாம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் மாறுகின்றார், ரயில் நின்றுவிடுகின்றதா?

அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு வந்த கதையையும் சொல்லுகின்றோம். 1984-ல் நியூயார்க்கில் ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட 18 வயதுப் பெண் ஒருத்தி சில மணி நேரத்திற்குள் இறந்துபோனாள். பார்த்தவர்கள் பல நோயாளிகளை ஒரே இரவில் சுமந்துகொண்டிருந்த பயிற்சி டாக்டர்கள். பெண்ணின் தகப்பனார் தலைவிதி என்று சும்மா இருக்கவில்லை; திதி கொடுத்துவிட்டு அடங்கவுமில்லை; வழக்காடினார், எழுதினார். விசாரித்த ஜூரிகள் 1986-ல் டாக்டர்கள்மேல் கொலைக் குற்றம் சாட்டாமல், டாக்டர்களை அப்படி வேலை வாங்குகின்ற முறையின்மேல் குற்றம் சொன்னார்கள். அதன் பலனாக 1989-ல் நியூயார்க் மாகாணத்தில் வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்து 24 மணி என்று எல்லை கட்டப்பட்டது. 2003-ல் அமெரிக்கா முழுவதற்கும் 80 மணி எல்லை வந்தது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2009 முதல் பயிற்சி டாக்டர்களுக்கும் சராசரி வாரம் 48 மணிதான் என்று விதி வந்தது. எல்லா ஆஸ்பத்திரியிலும் அவை பூரணமாய் நடக்கின்றன என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மீறினால் கேட்பதற்கு எழுத்தில் ஒரு எண்ணாவது இருக்கின்றது.

நம் நாட்டிலும் எழுத்தில் இல்லையா என்றால், இருக்கின்றது. அதுதான் வேடிக்கை. 1992-ம் வருஷம் ஜூன் மாதத்திலேயே மத்திய சர்க்கார், ரெசிடெண்ட் டாக்டர்கள் தொடர்ந்து வேலை செய்வது சாதாரணமாய் நாளொன்றுக்கு 12 மணிக்கு மேற்படக் கூடாது, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று உத்தரவு போட்டிருக்கின்றது. 30 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உத்தரவு காகிதத்தில் சுகமாய்த் தூங்குகின்றது, டாக்டர்கள் விழித்திருக்கின்றார்கள். பிறகு கமிஷனின் 2023-ம் வருஷத்து மேற்படிப்பு விதிகளில், மாணவர்கள் ‘நியாயமான நேரம்’ வேலை செய்வார்கள் என்றும், வேலையின் அவசரத்துக்கு உட்பட்டு வாரம் ஒரு நாள் விடுமுறை என்றும் எழுதினார்கள். நியாயமான நேரமென்றால் எத்தனை மணி? யாருடைய நியாயம்? ஆஸ்பத்திரியில் அவசரமில்லாத நாள் எது? 48 என்றிருந்த எண்ணை எடுத்துவிட்டு ‘நியாயம்’ என்ற சொல்லை வைத்ததற்கு, கையிலிருந்த காசை வாங்கிக்கொண்டு ஆசீர்வாதம் கொடுத்தது என்றுதானே அர்த்தம்? 2024-ல் முன்சொன்ன பணிக்குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும், தினம் 7, 8 மணி தூக்கம் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. ஒரு எண்ணைச் சொன்ன மட்டில் சந்தோஷந்தான். ஆனால் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே மில் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று எல்லை கட்டிற்று. 1961-ம் வருஷத்துச் சட்டம் பஸ், லாரி ஓட்டுகின்ற தொழிலாளிக்கும் 48 மணி என்றே சொல்லிற்று. நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம்; உயிர் அறுந்தால் முடிய முடியுமா? நூல் நூற்கின்றவனுக்கு 48, உயிரைக் கையில் பிடித்திருக்கின்றவனுக்கு 74 என்பது என்ன கணக்கோ நமக்கு விளங்கவில்லை.

தூக்கம் கொடுக்காத சர்க்கார் வேறு எதைக் கொடுத்தது? 2022-ல் கமிஷன் புதிய மாணவர்களுக்கு ‘சரக சபதம்’ ஒன்றைச் சிபாரிசு செய்தது. கூடவே 10 நாள் யோகப் பயிற்சியும் சிபாரிசு செய்தது. மதுரை மருத்துவக் கல்லூரியில் அந்தச் சபதம் எடுக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. அது எழ வேண்டிய கூச்சலே. ஏனென்றால், சரக சம்ஹிதை என்ற மூல நூலில் சீடனானவன் குருவுக்கு மகனைப் போலவும் அடிமையைப் போலவும் யாசிப்பவனைப் போலவும் பணிவிடை செய்ய வேண்டுமென்று சொல்லியிருக்கின்றது. இக்காலத்துக்கென்று திருத்திய சபதத்தில் அடிமை என்ற சொல் இல்லை என்பார்கள். சபதத்தில் இல்லாவிட்டாலென்ன, வார்டில் இருக்கின்றதே! அன்று சபதத்தை எதிர்த்த நம் தோழர்களையும் நாம் ஒன்று கேட்கின்றோம்: அந்தப் பிள்ளைகள் என்ன சொல்லிச் சபதம் எடுத்தார்கள் என்று கவலைப்பட்டோமே; எத்தனை மணி தூங்கினார்கள் என்று கேட்டோமா? சமஸ்கிருதப் பேரில் வந்த அடிமைத்தனம் நம் கண்ணில் பட்டது. இங்கிலீஷில் ட்யூட்டி என்ற பேரில் தினந்தோறும் நடக்கின்ற அடிமைத்தனம் படவில்லை.

யோகம் செய்வது உடம்புக்கு நல்லதென்றால் செய்யட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 36 மணி நேரம் நின்றவனுக்கு வேண்டியது படுக்கை. அவனை உட்கார வைத்து மூச்சை எண்ணச் சொல்லுவது, பசித்து வந்தவனுக்கு ஏகாதசி மகிமையை உபதேசிப்பது போன்றதேயாகும்.

இனி சுயமரியாதை சம்பந்தமான விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு படித்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? ஏனென்றால், ட்யூட்டி போடுகின்றவரே தீஸிஸில் கையெழுத்துப் போடுகின்றவர். அவரே பரீட்சையிலும் செல்வாக்குள்ளவர். அவரே நாளைக்கு சர்டிபிகேட் கொடுக்க வேண்டியவர். சுரண்டுகின்றவனிடமே பிராது கொடுக்க வேண்டுமென்றால் யார் கொடுப்பார்கள்? படிப்பை விட்டுப் போகலாமென்றால், பல இடங்களில் லட்சக் கணக்கில் பாண்டு எழுதி வாங்கியிருக்கின்றார்கள். இந்தக் குருபக்திக்குள் ஜாதியும் புகுந்துகொள்கின்றது. ரிசர்வேஷனில் வந்தவன் என்று குத்திக் காட்டப்படுகின்ற பிள்ளைக்கு, சோர்ந்திருக்கின்றேன் என்று சொல்லவும் வாய் வருமா? சொன்னால், “அதற்குத்தான் இவர்களையெல்லாம் சேர்க்கக் கூடாதென்றோம்” என்பார்களே! 2019-ல் மும்பையில் பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண் டாக்டர் உயிரை விட்டபோது, கூட இருந்த சீனியர்கள் ஜாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில் கல்கத்தா சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் ட்யூட்டியிலிருந்த ஒரு பெண் டாக்டர், இரவில் கண்ணயர ஒரு தனி அறைகூட இல்லாமல் செமினார் ஹாலில் படுத்திருந்த இடத்தில் நாசமாக்கிக் கொல்லப்பட்டாள். அவள் 36 மணி நேரம் வேலை செய்து களைத்திருந்தாள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நாடே கொதித்தது. கொதித்தவர்கள், படுக்க இடமில்லாமல் டாக்டரை வேலை வாங்கும் முறையைப் பற்றி எத்தனை நாள் பேசினார்கள்?

ஆகவே நாம் கேட்பவை இவையாகும். ஒவ்வொரு வைத்தியக் கல்லூரியிலும் யார் எந்த நேரம் ட்யூட்டி என்ற பட்டியலை, பஸ் நேரப் பட்டியலைப் போல, நோயாளிகளும் பார்க்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும். 1992-ம் வருஷத்து 48 மணியை லட்சியமாக வைத்து, உடனே ஒரு எண்ணைச் சட்டமாக்கி, அதை மீறுகின்ற கல்லூரியின் மேற்படிப்பு இடங்களைக் குறைக்க வேண்டும். ரத்தம் கொண்டு ஓடவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ஆள் நியமிக்க வேண்டும்; நம் ஊரில் வேலையில்லாதவர்களுக்கா பஞ்சம்? பிராதுகளைக் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சபை விசாரிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே தாழ்ப்பாளுள்ள ஓய்வறை வேண்டும். மனநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டேன் என்பது எந்த ரிக்கார்டிலும் கறுப்புப் புள்ளியாய் ஏறக் கூடாது. நெஞ்சு வலிக்கு டாக்டரிடம் போவது அவமானமில்லாதபோது, மன வலிக்குப் போவது மட்டும் என்ன அவமானம்? சர்க்காரே 14416 என்ற எண்ணில் இரவு பகலாய்ப் பேசுவதற்கு ஆள் வைத்திருக்கின்றது. தயங்காமல் பேச வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போனில் “முடியவில்லை அப்பா” என்று சொன்னால், “இன்னும் இரண்டு வருஷந்தானே, பல்லைக் கடித்துக்கொள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கின்றேன்” என்று சொல்லாதீர்கள். கடைசியாக எப்போது தூங்கினாய், எப்போது சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அடுத்த பஸ்ஸில் ஏறி நேரில் போய்ப் பாருங்கள். போன இடம் சரியில்லையென்றால் திரும்பி வருவதில் ஒரு மானக்கேடும் இல்லை. விற்ற நிலம் போனால் போகட்டும்.

பொது ஜனங்களுக்கும் சொல்லுகின்றோம். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் எரிந்து விழுந்தால் கை ஓங்காதீர்கள். “அம்மா, நீங்கள் எப்போது ட்யூட்டிக்கு வந்தீர்கள்?” என்று கேளுங்கள். நேற்றுக் காலை என்று பதில் வந்தால், அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரி டீனிடமும், உங்கள் ஊர் சட்டசபை மெம்பரிடமும் கொண்டுபோங்கள். ஓட்டுக் கேட்டு வருகின்றவரிடம் ரோடும் தண்ணீரும் கேட்பதோடு, எங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை மணி நேரம் தூங்குகின்றார் என்பதற்கும் கணக்குக் கேளுங்கள்.